அந்தச் சாக்கில் சங்கிலி இல்லை, தம்பி

தம்பி,

முதலில் நல்ல செய்தி. என் டிராக்டர் ரயரில் பூட்டும் பனிச் சங்கிலி என்று நினைத்து, கொட்டிலுக்குள் இருந்து நீ இழுத்துக்கொண்டுபோய் உன் கார் டிக்கிக்குள் போட்ட அரிசிச் சாக்கில் சங்கிலி இல்லை. இடியப்ப உரல் இருக்கிறது. இரும்புத் தோசைக்கல் இருக்கிறது. பழைய சேலையில் சுற்றிய குத்துவிளக்கு ஒன்று இருக்கிறது. எல்லாம் உன் புது வீட்டுக்கென்று நான் ஆறுதலாக, ஒவ்வொன்றாகச் சேர்த்தவை. எங்கள் அப்பார்ட்மென்டில் கால் வைக்கவே இடமில்லாததால் நான் பனி வழிக்கிற பிளாசாவின் கொட்டிலில் வைத்திருந்தேன். நீ தூக்கும்போது இரும்போடு இரும்பு முட்டிச் சத்தம் போட்டிருக்கும், நீயும் சங்கிலிதான் என்று நம்பியிருப்பாய். தன் கல்யாணத்துக்கு வரவேண்டிய சாமானைத் தானே களவெடுத்துக்கொண்டு ஓடிய மாப்பிள்ளை இந்தக் கனடாவின் ஸ்காபரோவிலேயே நீ ஒருவன்தான். அப்படியென்றால் சங்கிலி எங்கே இருந்தது என்று கேட்பாய். ரயரிலேயே இருந்தது. மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு நீ கடந்துபோன அதே டிராக்டரில், உன் முழங்காலுக்குப் பக்கத்தில், இரண்டு பின்சக்கரத்திலும் பூட்டியபடி. மேலே பனி மூடியிருந்தது. கையால் ஒரு தட்டுத் தட்டியிருந்தால் கண்டிருப்பாய்.

இரண்டாவது செய்தி உனக்கு அவ்வளவு நல்லதில்லை. டிராக்டர் விற்பனைக்கு இல்லை. நீ இன்டர்நெட்டில் போட்ட விளம்பரத்தை எடுத்துவிடு.

உனக்குத் தமிழ் எழுத்துக் கூட்டி வாசிக்க ஒரு கிழமை பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு முன்வாசலால் கொண்டுபோய் விட்டேன், நீ பின்வாசலால் போய்ப் பந்து விளையாடினாய். அதனால் மருமகளாக வரப்போகிற பிள்ளை உனக்கு இதை வாசித்துக் காட்டட்டும். அவள் கோயம்புத்தூர்ப் பிள்ளை, எங்கள் தமிழை அவள் வாசிக்க நீ கேட்டால் உனக்கும் சிரிப்பு வரும், கோபமும் கொஞ்சம் ஆறும். இன்னொன்றும் செய்திருக்கிறேன். எங்கள் பிளாசாவின் வாசலில் இலவசமாக அடுக்கி வைப்பார்களே, அந்தப் பத்திரிகைக்கும் இதே கடிதத்தைக் கொடுத்துவிட்டேன். உன் மாமியார் யூனியன்வில்லில் இருந்து மரக்கறி வாங்க வரும்போது கையில் எடுப்பா. எடுக்கட்டும். நீ என்னைக் கேட்காமல் உலகத்துக்கு ஒரு விளம்பரம் போட்டாய், நான் உன்னைக் கேட்காமல் ஒரு கடிதம் போடுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் பத்திரிகைக்காரர் திருத்துவார். நான் ஏழாம் வகுப்போடு நின்றவள். பள்ளிக்கூடத்தை அகதி முகாமாக்கினார்கள். அதற்குப் பிறகு நாங்கள் அந்தப் பள்ளிக்கூடத்துக்குள்ளேயே குடியிருந்தோம், படிக்கத்தான் முடியவில்லை.

நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன், ஏனென்றால் நீ எல்லோருக்கும் வேறு மாதிரிச் சொல்லித் திரிகிறாய். அம்மாவுக்கு வயதாகிவிட்டது, சங்கிலி பூட்டப்போய் விழுந்துவிட்டா, இனி ஏலாது என்கிறாய். நான் விழுந்தது வயதால் இல்லை, உன்னால். அன்று விடியவே உறைமழை பெய்து தரையெல்லாம் கண்ணாடி. பிளாசாவின் பின்பக்கச் சரிவில் சங்கிலி இல்லாமல் டிராக்டர் ஏறாது. ஆனால் எல்லா நாளும் பூட்டியபடி ஓடவும் முடியாது. தார் கீறுகிறது என்று பிளாசா முதலாளி கத்துவார். அதனால் உறைந்தால் பூட்டுவதும் உருகினால் கழற்றுவதும்தான் என் மாரிகாலம், பனி முடியும்வரை. ஒரு ரயர் முடித்துவிட்டு எழும்பி மற்றப் பக்கம் போகிறேன், கோட்டுக்குள் போன் அடிக்கிறது. நீ. ஏதோ அவசரமாக்கும் என்று கையுறையைக் கழற்றி எடுத்தேன்.

"அம்மா, மண்டபத்துச் சோடினை சிவப்போ, கோல்டோ? அவங்கள் இப்பவே கேக்கிறாங்கள்."

"சிவப்பு" என்று சொல்லிக்கொண்டே விழுந்தேன். நீ கேட்டது "சிவப்பு, ஐயோ" என்றுதான் இருந்திருக்கும். மண்டபத்துக்கு ஐயோவையும் சேர்த்துச் சொன்னாயோ தெரியாது. தோள் பிசகியது உண்மை. வலித்ததும் உண்மை. ஆனால் நீ வந்து சேர்வதற்குள் நான் எழும்பி மற்ற ரயருக்கும் சங்கிலியைப் பூட்டி, சரிவை வழித்து, உப்பும் தூவிவிட்டேன். மருந்துக்கடைக்குப் பொல்லு ஊன்றிக்கொண்டு வருகிற ஆட்கள் ஒருத்தரும் என்னைப்போல் ஐயோ சொல்லவில்லை. அதற்குப் பிறகுதான் பிளாசாவில் அப்பா வேலை செய்கிற சாப்பாட்டுக்கடைக்குள் போய் இருந்தேன். அப்பா தைலம் பூசிக்கொண்டிருந்தார். நீ உள்ளே வந்து நின்ற நிலை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. கால் சப்பாத்தில் பனி, கண்ணில் தண்ணீர், வாயில் இங்கிலீஷ்.

"அம்மா, இனஃப். உங்களுக்கு இனி உந்த வேலை வேண்டாம். உந்த டிராக்டரை வித்திடுவம். நீங்களும் அப்பாவும் எங்களோட வந்து இருங்கோ. பேஸ்மென்ட் முழுக்க உங்களுக்குத்தான்."

"பேஸ்மென்டில டிராக்டர் நிக்குமோ?"

"அம்மா, ஐ ஆம் சீரியஸ்."

"நானும்தான். நிக்குமோ?"

நீ வெளியே போனாய். நானும் அப்பாவும் கண்ணாடிக்குள்ளால் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். "இஞ்சரப்பா, உவன் கொட்டிலுக்குள்ள போய் எதையோ இழுக்கிறான்" என்றார் அப்பா. "இழுக்கட்டும், கதிரையில இருந்து இருந்து இடுப்பும் நாரியும் மரத்துப்போயிருக்கும்" என்றேன். அந்தச் சாக்கோடு நீ பட்ட பாடு! நடுவில் ஒருமுறை இறக்கி வைத்து மூச்சு வாங்கினாய். ஓடிவந்து ஒரு கை கொடுப்போமா என்றுகூட நினைத்தேன்.

விளம்பரத்தை அப்பாதான் போனில் காட்டினார், அடுத்த நாள். டிராக்டரின் படம் அழகாகத்தான் இருந்தது. போன வருசம் நீ எடுத்த படம். அதில் ஏறியிருந்து பல்லைக் காட்டிக்கொண்டிருந்தேன், நினைவிருக்கிறதா? விளம்பரத்தில் என்னைக் காணவில்லை. வெட்டிவிட்டாய். ஆனால் முழுதாக வெட்டத் தெரியவில்லை உனக்கு. ஸ்டியரிங்கின் மேல் என் ஊதாக் கையுறை ஒன்று அப்படியே இருக்கிறது. பேய் ஓட்டுகிற டிராக்டர் மாதிரி. அப்பா சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு அடுப்படிக்குள் போய்ச் சும்மா கொஞ்ச நேரம் நின்றேன். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

தம்பி, நீ என்னை வெட்டுவது இது முதல்தரம் இல்லை. எனக்குக் கோபமும் இல்லை, கணக்காகச் சொல்கிறேன், அவ்வளவுதான். நீ சின்ன வகுப்பில் படிக்கும்போது பிளாசாவுக்கு எதிரில்தான் உன் பள்ளிக்கூடம். பனி கொட்டும் நாளில் யன்னலால் என்னைக் காட்டி, "என்ர அம்மா டாங்கி ஓட்டுறா" என்று வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்தாய். ஆசிரியை பயந்துபோய் என்னைக் கூப்பிட்டுக் கேட்டா. டாங்கி இல்லை, டிராக்டர் என்று விளங்கப்படுத்துவதற்குள் எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் எல்லாம் முடிந்துவிட்டது. பிறகு நீ வளர்ந்தாய், மீசை வந்தது. நண்பர்களோடு வரும்போது பிளாசாவைச் சுற்றி மற்றத் தெருவால் போனாய். நான் காணவில்லை என்று நினைத்தாயா? கண்டேன். கண்டபடியால்தான் அவ்வளவு நீளத்துக்கு ஹோர்ன் அடித்தேன். நீ தொப்பியை மூக்குவரை இழுத்துக்கொண்டு ஓடுவாய். அதைப் பார்க்கவே நான் சில நாள் அந்த மூலையை இரண்டுதரம் வழித்தேன். இப்போது மாமியார் வீட்டில், "அம்மா என்ன செய்யிறாங்க?" என்று கேட்டதற்கு, "ப்ராப்பர்ட்டி மெயின்டெனன்ஸ்" என்றாயாம். மருமகள்தான் சொன்னாள். பொய் இல்லை, நல்ல உடுப்புப் போட்ட உண்மை. ஆனால் மாரிகாலத்தில் அந்த உடுப்புக் குளிருக்குத் தாங்காது.

டிராக்டர் எனக்கு ஏன் என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. ஊரில் சண்டை நெருங்கியபோது நாங்கள் வீட்டை விட்டு வெளிக்கிட்டது ஒரு டிராக்டர்ப் பெட்டியில். பின்னால் கொளுவுகிற பெட்டி. அதற்குள் பானை, சட்டி, பாய், நான்கு குடும்பம், அவற்றுக்கு நடுவில் நான். முன்னுக்கு இருந்து ஓட்டியவர் யார் என்று தெரியாது, எங்கே போகிறார் என்றும் தெரியாது. எனக்குத் தெரிந்தது அவருடைய முதுகு மட்டும்தான். பெட்டி குலுங்கும்போதெல்லாம் தோசைக்கல் வந்து என் காலில் இடித்தது. இப்போது உன் டிக்கிக்குள் இருக்கிறதே, அதே கல்தான். அன்றைக்கு நான் பெரிய சபதம் ஒன்றும் எடுக்கவில்லை, அழுதுகொண்டிருந்தேன். ஆனால் இங்கே வந்து, இந்தப் பிளாசாவின் நடைபாதையை மாப் போட்டுக்கொண்டிருந்த காலத்தில், பனி வழிக்கிறவன் நேரத்துக்கு வராமல் ஆட்கள் விழுந்து கையைக் காலை முறித்துக்கொண்டபோது, முதலாளியிடம் போய், "நான் செய்யிறன்" என்றேன். அவர் மாப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிரித்தார். அடுத்த மாரிக்கு முன் வடக்கே ஒரு பண்ணைக்காரரிடம் இந்தச் சின்ன டிராக்டரைப் பழசாக வாங்கி ஓட்டிக்கொண்டு வந்து அவர் வாசலில் நிறுத்தினேன். ஏறியிருந்தபோது எனக்கு முன்னால் ஒருத்தருடைய முதுகும் இல்லை. தெருதான் இருந்தது. நீ கேட்காத கேள்விக்கு அதுதான் பதில்.

அந்த முதல் மாரியில் சங்கிலி வேண்டும் என்பதே தெரியாது. பின்சரிவில் ஏறி, ஏறின வேகத்திலேயே பின்னுக்கு வழுக்கி, குப்பைத் தொட்டியில் போய் இருந்தேன். பிறகுதான் சங்கிலி வந்தது. அப்பா இருக்கிறாரே, புது வாகனம் என்றால் சக்கரத்துக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்து நசிக்க வேண்டும் என்பார், சங்கிலியும் வாகனத்தில் சேர்த்தி என்று அவரே முடிவெடுத்துவிட்டார். கடையின் ஐஸ்பெட்டிக்குள் இருந்து பழத்தை எடுத்துக்கொண்டு வந்தார். அது கல்லாகியிருந்தது. ரயருக்கு மாலையும் போட்டார். நான் கும்பிட்டுவிட்டு ஓட்டினால், மாலை சங்கிலிக்குள் சிக்கிச் சுழல்கிறது, பழம் நசிய மாட்டேன் என்று சங்கிலிக் கண்ணியில் இருந்து தெறித்துப்போய் அப்பாவின் முழங்காலில் அடித்தது. அந்தப் பனிக்குள் அவர் ஒற்றைக்காலில் ஆடின ஆட்டத்தை உன் கல்யாணத்தில் யாராவது ஆடட்டும் பார்ப்போம். இப்போதும் ஒவ்வொரு மாரியிலும் முதல் பூட்டுக்கு அவர் பழம் வைக்கிறார். ஆனால் மேசையில் இருந்த பழம். வைத்துவிட்டுத் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, "சரி, இப்ப எடும்" என்பார்.

சங்கிலி பூட்டுவதில் கையைவிடப் பொறுமைதான் கூட வேண்டும். கிழிந்த நூல்சேலை ஒன்றைச் சங்கிலியின் முனையில் முடிந்து, சேலையை ரயருக்கு மேலால் எறிந்துவிட்டு, மற்றப் பக்கத்தில் இருந்து இழுப்பேன். சேலையோடு சங்கிலியும் ஏறிவரும். பிறகு உள்பக்கக் கொளுக்கி. அதுதான் சனியன். ரயருக்குப் பின்னால் கையை விட்டு, கண்ணால் காணாமல், விரலால் தேடிக் கொளுவ வேண்டும். வெளிப்பக்கம் லேசு, நெம்பியைத் திருப்பி இறுக்கினால் சரி. ஆனால் அதோடு ஆயிற்று என்று நினைக்கக் கூடாது. கொஞ்சத் தூரம் ஓட்டி, நிறுத்தி, இறங்கி, இன்னொருதரம் இறுக்க வேண்டும். புதிதாகக் கட்டினது எதுவும் ஓடத் தொடங்கினால்தான் எங்கே தளர்ந்திருக்கிறது என்று காட்டும். நீ கல்யாணம் கட்டப் போகிறாய் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. சங்கிலியைத்தான் சொல்கிறேன். உனக்கு வேறு எதற்காவது உதவினால் எடுத்துக்கொள்.

ஒருநாள் குளிருக்குப் பஞ்சிப்பட்டு நான் இறங்கி இறுக்கவில்லை. பிளாசாவின் முன்பக்கத்தால் வருகிறேன், தளர்ந்த முனை எழும்பி மட்கார்டில் அடிக்கத் தொடங்கிவிட்டது. பட பட பட பட என்று. சாப்பாட்டுக்கடைக்குள் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த அங்கிள்மார் அத்தனை பேரும் மேசைக்குக் கீழே. அவர்களைச் சொல்லி என்ன, நானே பிரேக்கை மிதித்துவிட்டு ஸ்டியரிங்குக்குக் கீழே தலையைக் கொண்டுபோய்விட்டேன். என் சங்கிலி, என் ரயர், நானே பூட்டினது. ஆனாலும் உடம்பு என்னைக் கேட்கவில்லை. பிறகு கடைக் கதவு மெல்லத் திறந்தது. ஒரு அங்கிள் தவழ்ந்த நிலையில் எட்டிப் பார்த்தார், கையில் தேத்தண்ணீர்க் கோப்பை, ஒரு சொட்டும் சிந்தவில்லை.

"பிள்ளை, எந்தப் பக்கத்தால வருது?"

"என்ர இடது ரயரால அங்கிள்!"

சிரிக்கத் தொடங்கினோம். நிறுத்த முடியவில்லை. சிலர் சிரித்துச் சிரித்துக் கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆறிப்போன தேத்தண்ணீரைக் குடித்தார்கள். அடுப்படியில் கொத்துரொட்டி போட்டுக்கொண்டிருந்த அப்பாவுக்குத் தன் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு கையிலும் தகட்டோடு வெளியே வந்து, "என்ன, ஓடர் கான்சலோ?" என்றார். அன்றிலிருந்து நான் இறங்கி இறுக்காமல் ஒரு அடி ஓட்டுவதில்லை. வேறொருவருக்கு அது தளர்ந்த சங்கிலி. எங்களுக்கு அப்படி இல்லை.

சரி, போன சனிக்கிழமைக் கதைக்கு வருகிறேன். பிறம்ரனில் இருந்து டிராக்டர் பார்க்க ஒருவர் வருவார், நீயும் வந்து நின்று பேசி முடிப்பாய் என்று உன் திட்டம். வெள்ளி இரவு திரும்பவும் உறைமழை. சனி காலையில் உன்னிடமிருந்து போன்.

"அம்மா, கார் வெளிய வருதில்லை. ட்ரைவ்வே முழுக்க ஐஸ். வீல் சும்மா சுத்துது. அந்த ஆள் வந்தா ஒருக்காச் சொல்லுங்கோ."

"சொல்லுறன், சொல்லுறன். உப்பு இருக்கோ?"

"சாப்பாட்டு உப்புத்தான் இருக்கு."

அதை எறிந்தாயா, இல்லையா என்று நான் கேட்க மாட்டேன். ஆனால் ஒன்று சொல்கிறேன். உன் டிக்கிக்குள் இருந்த சாக்கில் மேலாகவே ஒரு பலகை இருந்தது. தேங்காய் திருவ நான் குந்தியிருக்கிற திருவலையின் பலகை. அலகு வளைந்துபோனதால் கழற்றிவிட்டேன். உள்பக்கக் கொளுக்கியைக் கொளுவும்போது பனியில் இருக்காமல் அதில்தான் இருப்பேன். விழுந்த அன்று வேலை முடித்த கையோடு அதை அந்தச் சாக்குக்குள் போட்டுவிட்டேன். அதை எடுத்துச் சுழல்கிற சக்கரத்துக்குக் கீழே வைத்திருந்தால் உன் கார் ஒரே உதையில் வெளியே வந்திருக்கும். நீ சாக்கைத் திறக்கவே இல்லை. எடுத்துப் போனது எது என்றுகூடப் பார்க்காமல் எடுத்துப் போகிறவனை என்ன செய்வது?

பலகை இல்லாததால் நான் உப்பு வாளியைக் கவிழ்த்து அதில் குந்தியிருந்து பூட்டிக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பிறம்ரன்காரர் ட்ரெய்லரோடு வந்து இறங்கினார். நாற்பது வயதிருக்கும், களஞ்சியக் கட்டடங்களுக்குப் பனி வழிக்கிறவர். நான் முன்னுக்குக் குனிந்திருந்தபடியால் முதலில் என் ஊதாக் கையுறையைத்தான் கண்டிருப்பார்.

"அக்கா, படத்தில இருந்த கை உங்கடையோ?"

"ஓம்."

"ஆளை ஏன் வெட்டினவை?"

"ஆள் வடிவு கூடிப்போச்சு, டிராக்டரைப் பாக்க மாட்டாங்கள் எண்டு."

அவர் சிரித்துக்கொண்டே பக்கத்தில் குந்தினார். நான் கேட்கவில்லை, அவராகவே சேலை முனையைப் பிடித்தார். என் வலது தோள் உயராதபடியால் உள்பக்கக் கொளுக்கி எட்டவில்லை, கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். "விடுங்கோ அக்கா" என்று அவர் மற்றப் பக்கத்தால் கையை விட்டுக் கொளுவிக் கொடுத்தார். வெளிப்பக்கத்தை நான் இறுக்கினேன். இரண்டு ரயரும் முடிந்தது. ஏறி, கொஞ்சத் தூரம் ஓட்டி, நிறுத்தி, இறங்கி, திரும்ப இறுக்கிவிட்டுச் சரிவை வழிக்கப் போனேன். முடித்துவிட்டு வருகிறேன், மனிசன் இன்னும் அதே இடத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்.

"என்ன தம்பி, ஓடிப் பாக்கிறீங்களோ?"

"வேண்டாம் அக்கா. நான் நிறைய வாங்கி வித்தனான். விக்கிற ஆக்கள் கழுவித் துடைச்சு வச்சிருப்பினம். சங்கிலி பூட்டிக்கொண்டு இருக்க மாட்டினம். நீங்கள் விக்கேல்லை எல்லோ?"

"நான் விக்கேல்லை. மகன் விக்கிறான்."

"டிராக்டர் மகன்ரையோ?"

"இல்லை."

"அப்ப மகனை வித்திடுங்கோ" என்றார். அப்பா சிரித்த சிரிப்பில் அவருக்குக் காசு வாங்காமல் ஒரு ஆட்டுக்கொத்து போட்டுக் கொடுத்தார். வெறும் ட்ரெய்லரோடு போய்ச் சேர்ந்தார் அந்த மனிசன். உன் விற்பனை அப்படித்தான் முடிந்தது. அவரை நீ ஏசாதே, கெட்டிக்கார மனிசன்.

இப்போது நேரே உனக்கு. உன் பேஸ்மென்ட் நல்ல பேஸ்மென்ட். வந்து பார்த்தேன், சூடாக இருக்கிறது, யன்னலும் இருக்கிறது. நீ அன்பால்தான் கூப்பிடுகிறாய் என்பதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. ஆனால் தம்பி, நீ என்னைக் கேட்காமல் இடம் பார்த்து, கேட்காமல் விற்று, கேட்காமல் சாமானைத் தூக்கி டிக்கிக்குள் போட்டு, "ஏறுங்கோ அம்மா" என்கிறாய். அன்பாக ஏற்றினாலும் அது பெட்டிதான். ஒருவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டு நான் போக வேண்டிய அளவு அந்தச் சின்ன வயதிலேயே போய் முடித்துவிட்டேன். இனி ஏலாத ஒருநாள் வரும். வராது என்று சொல்ல நான் விசரி இல்லை. தோள் எனக்குத்தான் வலிக்கிறது, உனக்கு இல்லை. அந்த நாள் வரும்போது நானே சங்கிலியைக் கழற்றி, எண்ணெய் பூசி, இந்தமுறை உண்மையாகவே அரிசிச் சாக்கில் போட்டு, உன் வாசலுக்கு ஓட்டிக்கொண்டு வந்து இறங்குவேன். இறங்குகிறது நானாக இருக்க வேண்டும். அவ்வளவுதான் கேட்கிறேன்.

அதுவரைக்கும் ஒரு விட்டுக்கொடுப்பு. பிறம்ரன்காரர் கொளுவித் தந்தபோதுதான் கண்டேன், உள்பக்கக் கொளுக்கிக்கு நீளக் கை வேண்டும். உன் கை நீளம். கதிரையில் இருந்து வீணாகப் போகிறது. உறைமழை என்று ரேடியோ சொன்னால் விடிய வந்துவிடு. தோல் கையுறை வேண்டாம், நனைந்தால் மரத்துவிடும். போன் செய்யாதே, நேரே வா. உள்பக்கம் உனக்கு. வெளிப்பக்கம் எனக்கு. ஸ்டியரிங் எனக்கு. அதில் பேரம் பேச வராதே. தோசைக்கல்லையும் உரலையும் விளக்கையும் நீயே வைத்துக்கொள், எப்படியோ உன் வீட்டுக்குத்தானே போய்ச் சேர்ந்திருக்கின்றன. பலகையை மட்டும் திருப்பிக் கொண்டுவா. வாளியில் குந்தியிருந்து நாரி விட்டுப்போச்சு.

கடைசியாக ஒன்று. உன் கல்யாண மண்டபத்தில் பெரிய திரையில் படங்கள் ஓட விடுவீர்களாம், நீ பிறந்தது, தவழ்ந்தது, தொப்பி போட்டுப் பட்டம் வாங்கினது எல்லாம். போன வருசத்து அந்த டிராக்டர்ப் படம் உன் போனில் இன்னும் வெட்டாமல் இருக்கும். அதையும் போடு. பட்டம் வாங்கின படத்துக்குப் பக்கத்திலேயே போடு. சின்னதாகப் போடாதே, மாமியாருக்குக் கண்ணாடி போடாமலே தெரிய வேண்டும். "அது யாருப்பா?" என்று அவ கேட்டால், எழும்பி நின்று தமிழில் சொல்லு. முன்பு வகுப்பு முழுக்கக் கேட்கச் சொன்னாயே, அந்தக் குரலில். டாங்கி என்று சொன்னாலும் இந்தமுறை நான் திருத்த மாட்டேன்.

இப்படிக்கு,
கையுறைக்கு மேலே இருந்தவள்